தண்ணிக்குப் பூச்சியம்

படிவத்தில் ஒரு கேள்வி:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
"இல்லை" என்று எழுதிக் கீழே கோடும் இழுத்திருந்தார்
இராசகுலேந்திரன், வயது ஐம்பத்தாறு, ஏழாலை.
தொழில்: குழாய்க்கிணறு அடித்தல்.

இரவு ஒன்றேகால்.
இடது விலாவைப் பொத்திக்கொண்டு
சக்கரக் கதிரையில் வந்தவர்
மேசையில் ஏற முதலே கேட்டார்:
"துளை போடாமல் எப்பிடி மிஸ்
உள்ளுக்க இருக்கிறதைச் சொல்லுவியள்?"

"இந்த வளையத்துக்குள்ள ஒரு குழல் சுத்தும்.
ஒரு பக்கத்தால கதிர் விடும்.
மற்றப் பக்கத்தில எவ்வளவு வந்து சேர்ந்தது எண்டு
எண்ணிக்கொண்டிருக்கும்.
குறைஞ்சதை வைச்சு
வழியில எவ்வளவு பிடிபட்டது எண்டு பாப்பம்."

"ஒரு பக்கத்தால பாத்தால் கூட்டுத்தொகைதானே.
எந்த ஆழத்தில பிடிச்சது எண்டு எப்பிடித் தெரியும்?"

கெட்டிக்காரன்.
அதற்குத்தான் சுற்றுகிறது என்றேன்.
ஆயிரம் கோணம், ஆயிரம் கூட்டுத்தொகை.
ஒவ்வொன்றையும் வந்த வழியே திருப்பி இழுத்தால்
கோடுகள் எங்கே கூடித் தடிக்கின்றனவோ
அங்கே எலும்பு.
(மங்கலைத் துடைக்க இன்னொரு கணக்கும் இருக்கிறது.
பரீட்சைக்குப் பாடமாக்கினேன், இப்போது ஞாபகமில்லை.)

"பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு இலக்கம்.
தண்ணிக்குப் பூச்சியம்."

"பூச்சியமோ!"
நாற்பது அடி, எழுபது அடி என்று
சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து
தண்ணியை மட்டுமே தேடித் திரிந்த மனிசன்
நோவோடு சிரித்தார்.

காற்று மைனஸ் ஆயிரம். கொழுப்பு மைனஸ் நூறு.
ஈரல் அறுபதுக்குக் கிட்ட.
எலும்பு ஆயிரத்தைப் பார்த்து ஏறும்.
கல்லு இருந்தால் கல்லும் ஏறும்.
"எங்கட தண்ணிக்குக் கேத்திலடியே வெள்ளையாப் படியுது,
எனக்குள்ள படியாதோ" என்றபடி
மல்லாந்து படுத்தார்.

கண்ணாடிக்கு இப்பால் வந்தேன்.
மெஷினோடு வந்த குரல் இங்கிலீசு.
அதை நிறுத்திவிட்டு நானேதான் மைக்கில் சொல்வது:
மூச்சை இழுங்கோ. பிடிச்சுக்கொண்டிருங்கோ.
ஆசுப்பத்திரி வீதியில் ஒரு ஓட்டோ
ஸ்ராட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது.
மேசை நகர்ந்தது.
எட்டு விநாடி.
விடுங்கோ.

பாண் வெட்டினது மாதிரித்
துண்டு துண்டாய்ப் படம் இறங்கியது.
நுரையீரலின் அடி. ஈரல். மண்ணீரல்.
வலது சிறுநீரகம், சுத்தம்.
இடது பக்கம் வர
திரை வெடித்தது.

உழுந்தளவு ஒன்று.
சுட்டியை வைத்தேன். மூவாயிரத்தைத் தாண்டி
அளவுகோல் முடிந்த இடத்தில் இலக்கம் நின்றது.
அவ்வளவுக்கு ஏறுகிற கல்லு இல்லை.
இரும்பு.
சுற்றிவர வெள்ளைக் கீற்று, கறுப்புக் கீற்று,
முள்ளந்தண்டு வரைக்கும்.

இரும்பு கதிரை வெளியே விடாது.
ஒன்றும் வந்து சேராத திசையில்
கணக்கு என்ன செய்யும்?
தன்பாட்டில் கோடு கீறும்,
உடம்பில் இல்லாத கோடு.
கல்லு சிக்கியிருக்க வேண்டிய குழாய்
அந்தக் கோடுகளுக்கு அடியால் போகிறது.
வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன்.
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மைக்கை அழுத்தினேன்.
"ஐயா, முந்தி எப்பவாவது காயம் கீயம்…"
சத்தமில்லை.
மூச்சை விடச் சொல்லி எவ்வளவோ நேரம்.
அவர் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு, முகட்டைப் பார்த்தபடி:
"தண்ணி எடுக்கப் போனண்டு.
ஒண்டும் ஏறேல்லை எண்டுதானே
அப்ப கட்டுப் போட்டவை சொன்னவை."
கொஞ்சம் பொறுத்து:
"அதுக்கு என்ன இலக்கம் மிஸ்?"

அதுக்கு மேல எண்ண இந்த மெஷினால ஏலாது
என்றேன்.

படிவத்தை எடுத்தேன். அவருடைய "இல்லை"யை வெட்டவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
இடது, பன்னிரண்டாம் விலாவுக்குக் கீழ், ஆறு மில்லிமீற்றர்.
கதவில் தட்டினார்கள்.
அடுத்தது தலை. மோட்டச்சைக்கிளில் விழுந்த பெடியன்,
ஹெல்மெற் இன்னும் கையில்.